இந்திய ஸ்டார்ட்அப் துறை 2021-க்குப் பின் சரிந்ததா, தேறியதா?

கேட்கப்பட்ட கேள்வி இது: யூனிகார்ன், அதாவது 100 கோடி டாலர் மதிப்பைத் தொட்ட ஸ்டார்ட்அப், எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் அடுத்த இடம் இந்தியாவுக்கு என்று ஒரு சாரார் பெருமை பேசுகிறார்கள், முதலீடு வற்றிவிட்டது, ஆட்குறைப்பு ஓயவில்லை என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டில் எதை நம்புவது, அப்படியொரு நிறுவனத்தில் சம்பளத்தின் ஒரு பகுதியைப் பங்குகளாகக் கொடுத்தால் ஏற்கலாமா?

இரு சாராரும் பொய் சொல்லவில்லை. இரண்டு வேறு பொருள்களை அளக்கிறார்கள். ஒருவர் கணக்கில் எடுப்பது நிறுவனங்களின் மேல் எழுதப்பட்ட மதிப்பு. மற்றவர் பார்ப்பது ஆண்டுதோறும் உள்ளே வரும் பணம். இந்தத் துறையின் நலத்தை அறிய இரண்டுமே போதாது என்பது என் கருத்து. போட்ட பணம் எந்த வழியாக வெளியே வருகிறது, போடப்படும் பணம் யாருடையது என்ற இரண்டையும் பார்த்தால்தான் நிலவரம் பிடிபடும். அப்படிப் பார்க்கையில் 2021-ஐவிட இன்றைய நிலை ஒரு விதத்தில் தெளிவாகவே மேல். வேறு சில விதங்களில் பத்தாண்டுகளாகப் பெரிய மாற்றமில்லை.

முதலில் உள்ளே வரும் பணம். பெய்ன் ஆலோசனை நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி, 2021-ல் இந்தியாவுக்கு வந்த துணிகர முதலீடு, அதாவது ஆபத்தை அறிந்தே வளரும் நிறுவனங்களில் பங்கு வாங்கிப் போடும் பணம், சுமார் 3,850 கோடி டாலர். 2023-ல் அது 960 கோடி டாலராகச் சுருங்கியது; 2024-ல் 1,370 கோடி டாலருக்கு மீண்டது. 2021-ல் மட்டும் நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் 100 கோடி டாலர் மதிப்பைத் தொட்டு யூனிகார்ன் ஆயின; 2023-ல் அந்தப் பட்டம் பெற்றவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. நான்கில் ஒரு பங்காகக் குறைந்ததை வீழ்ச்சி என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2021-ஐ அளவுகோலாக எடுத்ததுதான் கோளாறு. அமெரிக்க மத்திய வங்கி 2020 மார்ச் முதல் 2022 மார்ச் வரை வட்டியை ஏறத்தாழ பூஜ்யத்தில் வைத்திருந்தது. கடன்பத்திரத்தில் வருமானம் இல்லாத பெரும்பணம் எதையாவது வாங்கக் காத்திருந்தது. அதே வேளையில் சீனா 2020 நவம்பரில் ஆன்ட் குழுமத்தின் பங்கு வெளியீட்டைக் கடைசி நேரத்தில் நிறுத்தியது, 2021 ஜூலையில் தனிப்பயிற்சி நிறுவனங்கள் லாபம் ஈட்டுவதற்கே தடை போட்டது. அங்கே போக அஞ்சிய டாலர்கள் இந்தியாவை நோக்கித் திரும்பின. நம்முடைய தகுதி மட்டுமே அந்தப் பணத்தை அழைத்து வரவில்லை என்பதை ஒப்புக்கொண்டால், அது போனதற்கும் நம்முடைய தகுதிக்குறைவு மட்டுமே காரணமில்லை என்பது விளங்கும்.

அதற்காக எல்லாமே காற்றில் கட்டிய கோட்டை என்று சொல்லவும் வழியில்லை. 2016-ல் யுபிஐ வந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து இணையத் தரவின் விலையைத் தரைமட்டமாக்கியது, நவம்பரில் பணமதிப்பிழப்பு மக்களை வலுக்கட்டாயமாகக் கைபேசிப் பணப்பரிமாற்றத்துக்குத் தள்ளியது. இவை மூன்றும் இல்லாவிட்டால் இன்று நாம் பார்க்கும் நிறுவனங்களில் பாதி பிறந்தே இருக்காது. அந்த அடித்தளம் வட்டி ஏறியதும் மறைந்துவிடவில்லை.

யூனிகார்ன் எண்ணிக்கையை நான் ஏன் பொருட்படுத்துவதில்லை என்பதற்குச் சிறிய கணக்கு போதும். ஒரு முதலீட்டாளர் 10 கோடி டாலர் கொடுத்துப் பத்து விழுக்காடு பங்கு வாங்கினால், நிறுவனத்தின் மொத்த மதிப்பு 100 கோடி டாலர் என்று எழுதிவிடுகிறார்கள். தெருவில் ஒரு மனை விற்ற விலையை வைத்து ஊர் முழுவதற்கும் விலை போடுவதைப் போன்றது இது. அதிலும் அந்த முதலீட்டாளர் வாங்குவது நிறுவனரோ ஊழியரோ வைத்திருக்கும் சாதாரணப் பங்கு அன்று. பின்னர் சாதாரணப் பங்காகக் கட்டாயம் மாற்றப்படும் முன்னுரிமைப் பங்கு. நிறுவனம் குறைந்த விலைக்கு விற்கப்பட்டால் முதலில் தன் பணத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை அதில் எழுதப்பட்டிருக்கும். பாதுகாப்பு உள்ள பங்கின் விலையைப் பாதுகாப்பு இல்லாத பங்கின் மேலும் ஏற்றிக் காட்டுவதுதான் செய்தித்தாளில் வரும் மதிப்பு.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ் சான்று. 2022-ல் 2,200 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்ட நிறுவனம் அது. நாட்டின் ஸ்டார்ட்அப்களில் அப்போது அதுவே முதலிடம். 2021 நவம்பரில் வெளிநாட்டில் 120 கோடி டாலர் கடன் வாங்கியது, கணக்குகளை உரிய காலத்தில் முடிக்கத் தவறியது, 2023 ஜூனில் தணிக்கை நிறுவனமான டெலாய்ட் விலகியது. அதன் பெரிய முதலீட்டாளர்களில் ஒன்றான புரோசஸ் நிறுவனம் தன் முதலீட்டின் மதிப்பை முழுவதுமாகத் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2024 ஜூலையில் நிறுவனத்தைத் திவால் நடவடிக்கைக்குள் தள்ளியது இந்திய கிரிக்கெட் வாரியத்துக்குத் தரவேண்டிய சுமார் 158 கோடி ரூபாய் பாக்கி. 2,200 கோடி டாலர் மதிப்புள்ளதாகச் சொல்லப்பட்ட ஒன்றை, சீருடை விளம்பரக் கட்டணப் பாக்கி சாய்த்தது. இதில் நிறுவனரைக் குறைசொல்வது எளிது. இயக்குநர் குழுவில் அமர்ந்திருந்த உலகப் புகழ்பெற்ற முதலீட்டாளர்கள் கணக்கு கேட்காமல் இருந்ததுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய செய்தி.

இப்போது பணம் வெளியே வரும் வழிக்கு வருகிறேன். மாற்றம் நிகழ்ந்திருப்பது இங்கேதான். துணிகர நிதியம் என்பது பெரும்பாலும் பத்தாண்டு ஆயுள் கொண்டது. இருபது, முப்பது நிறுவனங்களில் பணம் போடுவார்கள்; பல மூழ்கும், சில போட்டதைத் திருப்பித் தரும், ஒன்றோ இரண்டோ பன்மடங்கு தந்து மற்ற எல்லா நட்டத்தையும் ஈடுகட்ட வேண்டும். அந்த ஒன்றிரண்டை ரொக்கமாக்க முடியாவிட்டால் அடுத்த நிதியம் திரட்ட யாரும் பணம் தரமாட்டார்கள். இந்தியாவில் நெடுங்காலம் இந்தக் கதவு மூடியே கிடந்தது. 2007-ல் தொடங்கிய ஃபிளிப்கார்ட்டின் 77 விழுக்காட்டுப் பங்குகளை 2018-ல் வால்மார்ட் 1,600 கோடி டாலருக்கு வாங்கியதுதான் முதல் பெரிய திறப்பு. ஒரே ஓர் அமெரிக்க வணிக நிறுவனத்தின் முடிவை நம்பி ஒரு நாட்டின் துணிகர முதலீட்டுத் துறை நடக்க முடியாது அல்லவா?

2021-ல் உள்நாட்டுப் பங்குச்சந்தை அந்தக் கதவாகும் முயற்சி தொடங்கியது. தொடக்கம் அழகாக இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் பேடிஎம் 2,150 ரூபாய் விலையில் 18,300 கோடி ரூபாய் திரட்டி, பட்டியலிட்ட முதல் நாளே கால்பங்குக்கு மேல் இழந்தது. ஜூலையில் 76 ரூபாய்க்கு வெளிவந்த சொமேட்டோ ஏறி, பிறகு 2022-ல் 50 ரூபாய்க்கும் கீழே போனது. ஆனால் சொமேட்டோ நட்டத்தைக் குறைத்து, லாபத்தைத் தொட்டு, 2024-ல் 250 ரூபாயைத் தாண்டியது. பட்டியலிட்ட பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கைப் பொதுவில் வைக்க வேண்டிய கட்டாயம், எந்த முதலீட்டாளரும் கற்றுத்தராத ஒழுக்கத்தை அந்த நிறுவனங்களுக்குக் கற்றுத்தந்தது. அதன் பின் ஓலா எலக்ட்ரிக், ஸ்விகி, ஏதர், க்ரோ, லென்ஸ்கார்ட் என்று 2024, 2025 ஆண்டுகளில் வரிசையாகப் பங்கு வெளியீடுகள் வந்தன.

இதன் பக்கவிளைவு ஒன்று சுவையானது. ஒரு காலத்தில் சிங்கப்பூரிலோ அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்திலோ நிறுவனத்தைப் பதிவுசெய்வதே புத்திசாலித்தனம் என்று கருதப்பட்டது. ஃபிளிப்கார்ட்டின் தாய் நிறுவனம்கூடச் சிங்கப்பூரில்தான் பதிவானது. மும்பைச் சந்தையில் நல்ல விலை கிடைப்பதைக் கண்டதும் அவை பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பத் தொடங்கின. ஃபோன்பே 2022-ல் சிங்கப்பூரிலிருந்து இடம்பெயர்ந்தபோது அதன் முதலீட்டாளர்கள் ஏறத்தாழ 8,000 கோடி ரூபாய் வரி கட்டினார்கள். பங்குத் தரகு நிறுவனமான க்ரோ அமெரிக்காவிலிருந்து திரும்புவதற்குச் சுமார் 1,340 கோடி ரூபாய் வரி செலுத்தியது. திரும்பி வருவதற்கே இவ்வளவு விலை கொடுக்க ஒருவர் முன்வருகிறார் என்றால், இங்கே கிடைக்கும் சந்தையின் ஈர்ப்பு எத்தகையது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் அந்த ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது? எஸ்ஐபி எனும் மாதத் தவணை முதலீட்டின் வழியாக மாதந்தோறும் 25,000 கோடி ரூபாய்க்கு மேல் மியூச்சுவல் ஃபண்டுகளுக்குள் பாய்கிறது. சேலத்து ஆசிரியரும் மதுரை வங்கி ஊழியரும் மாதம் ஐயாயிரமாகச் சேர்க்கும் பணம் அது. பங்கு வெளியீடு என்றால் நிறுவனத்துக்குப் பணம் போகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். 2025 நவம்பரில் க்ரோ திரட்டிய 6,600 கோடி ரூபாயில் புதிய பங்குகள் வழியே நிறுவனத்துக்குச் சென்றது ஏறத்தாழ 1,060 கோடிதான். எஞ்சியது பழைய முதலீட்டாளர்கள் தங்கள் பங்கை விற்று எடுத்துக்கொண்டது. இதில் முறைகேடு எதுவும் இல்லை, வெளியேறும் வழி என்பதன் பொருளே இதுதான். இருந்தாலும், துணிகர நிதியங்களுக்குப் பணம் தந்த கலிஃபோர்னியப் பல்கலைக்கழக நிதியம் ஒன்று சுமந்த ஆபத்தை இப்போது யார் சுமக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. விலை நியாயமாக இருக்கும் வரை இந்தக் கைமாற்றம் எல்லோருக்கும் நல்லது. விலை மிஞ்சினால் 2021-ன் நட்டத்தை வெளிநாட்டு நிதியங்கள் ஏற்றதுபோல் அடுத்த நட்டத்தை ஏற்க அவை இங்கே இருக்கமாட்டா.

யாருடைய பணம் என்ற இரண்டாவது கேள்வியில் இந்தியா இன்னும் பின்தங்கியே இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் உள்நாட்டுப் பணம் கொட்டுகிறது. தொடக்கக் கட்டத்திலும் நடுக்கட்டத்திலும் அது மிகச் சொற்பம். இது முயற்சியே இல்லாமல் நேர்ந்தது அன்று. 1988-லேயே ஐசிஐசிஐ ஆதரவில் பெங்களூரில் டிடிஐசிஐ என்ற துணிகர முதலீட்டு நிறுவனம் தொடங்கியது. பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 1996-ல் துணிகர நிதியங்களுக்கான விதிகளை வகுத்தது, 2012-ல் அவற்றை மாற்று முதலீட்டு நிதியங்கள் என்ற பரந்த விதிக்குள் கொண்டுவந்தது. அந்த விதிப்படி, சாதாரண நிதியத்தில் சேர ஒருவர் குறைந்தது ஒரு கோடி ரூபாய் போட வேண்டும். ஆகவே பணக்காரக் குடும்பங்களும் சில நிறுவனங்களும் மட்டுமே உள்ளே வர முடியும்.

அமெரிக்காவில் இந்தத் துறை பெருகியதற்குச் சிலிக்கான் பள்ளத்தாக்கின் மேதைமையைக் காரணம் காட்டுவது வழக்கம். 1979-ல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை ஓய்வூதிய நிதியங்கள் தங்கள் பணத்தில் ஒரு சிறு பகுதியைத் துணிகர நிதியங்களில் போடலாம் என்று விளக்கம் தந்தது அதற்கு இணையான காரணம். நீண்டகாலம் பொறுத்திருக்கக் கூடிய பணம் ஓய்வூதியப் பணமே. நம்முடைய வருங்கால வைப்பு நிதி பெரும்பகுதியை அரசுப் பத்திரங்களில் வைக்கிறது. பங்குகளுக்குப் போவதும் குறியீட்டு நிதிகள் வழியாகத்தான். தொழிலாளியின் சேமிப்பைச் சூதாடக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான தொகையை, நெடிய சாதனை உள்ள நிதியங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதைச் சூதாட்டம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த விவாதம் இன்னும் உரிய அளவுக்கு நடக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அரசு செய்தவற்றில் பயன் தந்தது, 2016 ஜனவரி 16-ல் ஸ்டார்ட்அப் இந்தியா திட்டத்தோடு வந்த 10,000 கோடி ரூபாய் நிதியங்களின் நிதியம். சிட்பி வங்கி நிர்வகிக்கும் இந்தத் தொகை நேராக எந்த நிறுவனத்துக்கும் போவதில்லை. தனியார் நிதியங்களுக்குப் பங்களிக்கிறது. அவை பெற்றதைப் போல் இரு மடங்கையாவது ஸ்டார்ட்அப்களில் போட வேண்டும். எந்த நிறுவனம் ஜெயிக்கும் என்று அதிகாரி தேர்ந்தெடுக்காமல் இருப்பதுதான் இதன் நற்குணம். தொடக்க ஆண்டுகளில் பணம் நத்தை வேகத்தில் நகர்ந்தது. ஆயினும் 2025 நிதிநிலை அறிக்கையில் மேலும் 10,000 கோடி அறிவிக்கப்பட்டிருப்பது சரியான முடிவே. ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கை தடுத்த கதையும் உண்டு. 2012-ல் கருப்புப் பணத்தைப் பிடிக்கக் கொண்டுவந்த ஏஞ்சல் வரி, நிறுவனம் நியாய மதிப்புக்கு மேல் வாங்கிய முதலீட்டை வருமானமாகக் கருதி வரி கேட்டது. வருங்காலத்தை நம்பித் தரும் விலையை, கடந்தகாலக் கணக்கேட்டை வைத்து வருமானவரி அலுவலர் சரிபார்த்தார். 2023-ல் அதை வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கும் நீட்டினார்கள். மறு ஆண்டே, 2024 ஜூலையில், அடியோடு நீக்கினார்கள். இந்தத் தடுமாற்றத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் போயின.

இவ்வளவும் துணிகர முதலீட்டையே மையமாக வைத்துப் பேசுகிறோம். அது இல்லாமலும் நிறுவனம் வளரும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1996-ல் தொடங்கிய மென்பொருள் நிறுவனமான ஸோஹோ வெளியாரிடம் ஒரு காசு வாங்காமல் வளர்ந்தது. 2011-ல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறக்கவும் அதற்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பெங்களூரின் பங்குத் தரகு நிறுவனமான ஸெரோதாவும் அப்படியே. ஸோஹோவில் பணியாற்றிய கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் நேர்மாறான பாதையில் சென்றது: வெளி முதலீடு, அமெரிக்கத் தலைமையகம், 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் 36 டாலர் விலையில் பட்டியல். இரண்டில் எது உயர்ந்தது என்ற வாதம் சலிப்பூட்டுவது. வாடிக்கையாளர் தரும் பணத்திலேயே மென்பொருள் நிறுவனம் வளர முடியும். ராக்கெட் செய்பவருக்கு அந்த வசதி கிடையாது.

ராக்கெட் என்றதும் 2025 ஏப்ரலில் எழுந்த சர்ச்சை நினைவுக்கு வருகிறது. டெல்லியில் நடந்த ஸ்டார்ட்அப் மாநாட்டில் மத்திய வர்த்தக அமைச்சர் பியூஷ் கோயல், உணவு கொண்டுபோய்க் கொடுப்பதோடும் ஐஸ்கிரீம் விற்பதோடும் நாம் மனநிறைவு அடைந்துவிடலாமா, சீனா மின்வாகனமும் குறைக்கடத்தியும் செய்கிறதே என்று கேட்டார். நிறுவனர்கள் கொதித்தார்கள். கேள்வி நியாயமானது, முகவரி தவறானது. ஆழ்தொழில்நுட்ப நிறுவனம் உருவாக எத்தனை ஆண்டு ஆகும் என்பதற்கு ஏதரைப் பாருங்கள். சென்னை ஐஐடியில் படித்த இருவர் 2013-ல் தொடங்கினார்கள். முதல் ஸ்கூட்டர் 2018-ல்தான் வாடிக்கையாளர் கைக்குப் போனது. ஓசூரில் தொழிற்சாலை எழுந்தது. பங்குச்சந்தைக்கு வந்தது 2025 மே மாதம். பன்னிரண்டு ஆண்டுகள், அப்போதும் நட்டம். பத்தாண்டில் கணக்கை முடித்தாக வேண்டிய நிதியத்துக்கு இந்தக் கால அளவு ஒத்துவராது. ஏதர் தாக்குப்பிடித்ததற்கு 2016 முதல் பணம் போட்டுவந்த ஹீரோ மோட்டோகார்ப் ஒரு முக்கியக் காரணம். இரு சக்கர வாகனம் செய்பவருக்கே அந்தத் தொழிலில் காத்திருக்கும் பொறுமையும் தேவையும் இருந்தன. சென்னையின் அக்னிகுல் 2017-ல் தொடங்கி, ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினுடன் 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட்டை ஏவியது. ஐஐடி வளாகத்தின் ஆய்வு வசதிகளும், 2020-ல் விண்வெளித் துறை தனியாருக்குத் திறக்கப்பட்டதும் இல்லாமல் அது நடந்திராது. நாட்டின் ஆராய்ச்சிச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடு, சீனா இரண்டரை விழுக்காட்டை ஒட்டிச் செலவிடுகிறது. ஆய்வகத்தில் விதைக்காததை முதலீட்டாளர் அறுவடை செய்யவில்லை என்று கோபிப்பதில் பயனில்லை. 2025-ல் ஒப்புதல் பெற்ற ஒரு லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாட்டு, புத்தாக்க நிதி நீண்டகாலக் குறைந்த வட்டிக் கடனாகவும் பங்கு முதலீடாகவும் போகவிருக்கிறது. அந்தப் பணம் பெரிய நிறுவனங்களிடமே தேங்குமா, அக்னிகுல் போன்றவற்றை எட்டுமா என்பதில்தான் அதன் வெற்றி தெரியும்.

ஒழுங்குமுறை ஆபத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 31-ல் ரிசர்வ் வங்கி பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கிக்குப் போட்ட தடையும், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடைசெய்ததும், ஒரே இரவில் பல்லாயிரம் கோடி மதிப்பை அழித்தன. இரண்டிலும் அரசின் பக்கம் காரணம் இருந்தது. விதியின் விளிம்பில் நடத்தப்படும் தொழிலின் மதிப்பீட்டில் இந்த ஆபத்தைக் கழிக்காமல் விட்டது முதலீட்டாளர்களின் பிழை.

இனி வேலை பற்றிய கேள்வி. ஃப்ரெஷ்வொர்க்ஸ் பட்டியலிட்டபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள் ஆனதாக அதன் நிறுவனர் அறிவித்தார், உண்மைதான். அதே பங்கு அடுத்த ஆண்டில் வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இறங்கியதும் உண்மை. பங்குச் சலுகையை மறுக்கச் சொல்லமாட்டேன், ஆனால் அதைச் சம்பளத்துக்கு ஈடாக எண்ணாதீர்கள். மாதச் சம்பளம் மட்டுமே வந்தாலும் இந்த வேலையை ஏற்பீர்களா என்று பார்த்து முடிவெடுங்கள். பங்குகளின் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் போதாது. நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் எத்தனை, உங்களுக்கு முன்னால் முதலீட்டாளர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய முன்னுரிமைத் தொகை எவ்வளவு, வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் பணம் கட்டிப் பங்கை எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பங்கை எடுக்கும் நாளிலேயே, அதன் அன்றைய மதிப்புக்கும் நீங்கள் தரும் விலைக்கும் உள்ள வேறுபாடு சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரி விழும். விற்க வழியில்லாத பங்குக்குக் கையிலிருந்து வரி கட்ட நேரிடும். 2020-ல் இந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை வந்தது, ஆனால் அமைச்சகங்களுக்கு இடையிலான வாரியத்தின் சான்று பெற்ற நிறுவனங்களின் ஊழியர்களுக்கு மட்டுமே அது பொருந்தும், அரசின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களில் அத்தகையவை மிகச் சில. உங்களை அழைக்கும் நிறுவனம் அவற்றுள் ஒன்றா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.